எடிட்டரில் ஓடும் பைத்தான் நிரல் கிரானில் நின்றுபோவது ஏன்? கோப்புப் பாதையும் இம்போர்ட்டும் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். "வானிலை" என்னும் ப்ராஜெக்ட் கோப்புறைக்குள் "அறிக்கை", "பொது", "தரவு" என மூன்று கோப்புறைகள் உள்ளன. அறிக்கைக்குள் முதன்மை.பை, பொதுவுக்குள் கருவிகள்.பை, தரவுக்குள் அளவுகள்.சிஎஸ்வி. முதன்மை.பை கோப்பு, கருவிகள் மாட்யூலை (வேறொரு நிரல் கோப்பை) இம்போர்ட் செய்துகொண்டு, தரவுக் கோப்பைத் திறந்து படிக்கிறது. எடிட்டரில் ரன் பொத்தானை அழுத்தினால் எல்லாம் சரியாக நடக்கிறது. டெர்மினலில் அறிக்கை கோப்புறைக்குள் சென்று ஓட்டினால் மாட்யூலும் கிடைக்கவில்லை, கோப்பும் கிடைக்கவில்லை. அதற்காக சிஸ்.பாத் பட்டியலில் (பைத்தான் மாட்யூல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) ".." என்று ஒரு வரியைச் சேர்த்து, கோப்பின் பாதையையும் "../தரவு/அளவுகள்.சிஎஸ்வி" என்று மாற்றியதும் டெர்மினலில் ஓடியது, ஆனால் இரவில் கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) வழியாக ஓட்டும்போது மீண்டும் விழுகிறது. புள்ளியில் தொடங்கும் சார்பு இம்போர்ட் ஏன் பிழை தருகிறது என்பதும் கேள்வியில் உண்டு.

(கட்டளைகளையும் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்து எழுதுகிறேன். நிரலில் இடும்போது அவற்றின் மூல வடிவத்தை இட்டுக்கொள்ளுங்கள்.)

உங்கள் நிரலில் இருக்கும் பிழை ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒரே அறிகுறியைக் காட்டுவதால் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். "இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை சொல்வது இயங்குதளம், அது நடப்பு அடைவு (நிரல் அப்போது நிற்கும் கோப்புறை) எது என்று பார்த்து விடை சொல்கிறது. "இந்த மாட்யூல் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு விடை சொல்வது பைத்தான், அது சிஸ்.பாத் என்னும் பட்டியலைப் பார்த்து விடை சொல்கிறது. இவை இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள். நீங்கள் எழுதிய நிரல் கோப்பு வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முதல் கேள்விக்குச் சிறிதும் பொருட்டல்ல. இரண்டாம் கேள்விக்கோ, நிரலை எப்படித் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்துச் சில வேளைகளில் மட்டும் பொருட்டாகிறது. உங்கள் எடிட்டர் ப்ராஜெக்ட் கோப்புறையை நடப்பு அடைவாக வைத்து, அதையே மாட்யூல் தேடும் பட்டியலிலும் சேர்த்துத் தந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கும் ஓடியிருக்காது. அந்த உதவி டெர்மினலிலும் கிரானிலும் கிடைப்பதில்லை.

முதலில் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஓப்பன் செயற்கூற்றுக்கு "தரவு/அளவுகள்.சிஎஸ்வி" என்று ஒரு சார்புப் பாதையை (முழு முகவரியாக இல்லாமல் ஓரிடத்தைப் பொறுத்துச் சொல்லும் பாதையை) கொடுத்தால், பைத்தான் அதை அப்படியே இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் அந்தப் பாதையை, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் நடப்பு அடைவோடு சேர்த்துப் பொருள் கொள்கிறது. நடப்பு அடைவு என்பது ப்ராசஸின் சொத்து. அதைத் தொடங்கியவரிடமிருந்து அது வழிவழியாக வருகிறது. டெர்மினலில் தொடங்கினால் நீங்கள் அப்போது நிற்கும் கோப்புறை; கிரான் தொடங்கினால் பயனரின் ஹோம் அடைவு; லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் கணினி அளவிலான சேவையாகத் தொடங்கினால், வேறெதுவும் சொல்லாதவரை, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மூல அடைவு. விண்டோஸில் கிரானின் வேலையைச் செய்யும் டாஸ்க் ஷெட்யூலரில் தொடக்க இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் பெரும்பாலும் சிஸ்டம்32 அடைவு. ஒரே நிரலுக்கு நான்கு இடங்களில் நான்கு நடப்பு அடைவுகள் அமைவதை இதிலிருந்து காணலாம். ".." என்று நீங்கள் எழுதியது "இந்த நிரல் கோப்புக்கு மேலே" என்று பொருள்படுவதாக நினைத்திருப்பீர்கள், அதன் உண்மையான பொருள் "இப்போது நிற்கும் இடத்துக்கு மேலே" என்பதுதான். கிரானில் அது உங்கள் ஹோம் அடைவுக்கும் மேலே சென்று தேடியிருக்கும்.

இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படிக்கத் திறக்கும் பாதை தவறினால் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் உடனே வந்து நிரல் நின்றுவிடும். அது ஒருவகையில் நல்லது. எழுதத் திறக்கும் பாதை தவறினால், பாதையில் உள்ள கோப்புறைகள் அங்கும் இருக்கும்போது, அதே பெயரில் ஒரு புதுக் கோப்பு வேறோர் இடத்தில் சத்தமில்லாமல் உருவாகிவிடும். முன்பு நான் பராமரித்த ஓர் அறிக்கை நிரலைக் கிரானுக்கு மாற்றியபோது இது நேர்ந்தது: நிரல் பிழையின்றி ஓடியதாகவே பதிவேடு காட்டியது, ஆனால் அறிக்கைகள் ஹோம் அடைவில் குவிந்துகொண்டிருந்தன, உரிய கோப்புறையில் இருந்த பழைய அறிக்கையையே அனைவரும் பல நாள் படித்துக்கொண்டிருந்தோம். எஸ்க்யூலைட் தரவுத்தளத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. கனெக்ட் செயற்கூற்றுக்குக் கொடுத்த பாதையில் கோப்பு இல்லையென்றால் அது வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை அங்கேயே உருவாக்கிக்கொள்ளும். பிறகு "அப்படி ஓர் அட்டவணை இல்லை" என்ற பிழைச் செய்தி வரும்போது, பாதையைப் பார்க்காமல் அட்டவணையைத் தேடி நேரம் போகும்.

தீர்வு, பாதைக்கு ஒரு நிலையான நங்கூரம் கொடுப்பது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் __ஃபைல்__ என்ற மாறி உண்டு. அந்த மாட்யூல் ஏற்றப்பட்ட கோப்பின் பாதை அதில் இருக்கும். பாத்லிப் நூலகத்தின் பாத் வகுப்பில் __ஃபைல்__ மாறியைக் கொடுத்து, ரிசால்வ் அழைத்து முழுப் பாதையாக்கி, பேரன்ட் பண்பின் மூலம் ஒவ்வொரு படியாக மேலேறினால் ப்ராஜெக்ட் கோப்புறை கிடைக்கும். உங்கள் அமைப்பில் முதன்மை.பை கோப்பிலிருந்து இரண்டு முறை பேரன்ட் எடுக்க வேண்டும்: முதலாவது அறிக்கை, இரண்டாவது வானிலை. அதோடு சாய்கோட்டுக் குறியால் "தரவு", "அளவுகள்.சிஎஸ்வி" ஆகியவற்றை இணைத்தால், நிரலை எங்கிருந்து தொடங்கினாலும் பாதை மாறாது. பாத்லிப் 2014இல் வந்த பைத்தான் 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்டது, 3.6 பதிப்பிலிருந்து ஓப்பன் உள்ளிட்ட செயற்கூறுகள் பாத் பொருளை நேரடியாக ஏற்கின்றன, ஆகவே அதைச் சரமாக மாற்றிக் கொடுக்கும் பழைய வழக்கம் இன்று தேவையில்லை. ரிசால்வ் அழைப்பை மாட்யூலின் தலைப்பகுதியிலேயே ஒரு முறை செய்து மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். 3.9 பதிப்புக்கு முன், நேரடியாக ஓட்டப்பட்ட கோப்பின் __ஃபைல்__ சார்புப் பாதையாகவே இருக்கக்கூடும். இடையில் யாராவது நடப்பு அடைவை மாற்றிவிட்டால் அது பொருளிழந்துவிடும். இந்தக் கணக்கை ஒவ்வொரு கோப்பிலும் திரும்ப எழுதாமல், பாதைகளுக்கென்று ஒரு சிறு மாட்யூல் வைத்து, மற்றவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது நல்லது.

நிரலின் முதல் வரியிலேயே ஓஎஸ்.சிஹெச்டிர் அழைத்து நடப்பு அடைவை மாற்றிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நடப்பு அடைவு ப்ராசஸ் முழுவதற்கும் பொதுவானது, எல்லா த்ரெட்களும் (ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் பணிகள்) அதையே பகிர்ந்துகொள்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் வேறு: கட்டளை வரியில் பயனர் தட்டச்சு செய்யும் கோப்புப் பெயர், அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே பொருள் கொள்ளப்பட வேண்டும். அவர் "இன்றைய.சிஎஸ்வி" என்று கொடுத்தால் அது அவருடைய கண்முன் இருக்கும் கோப்பு. நீங்கள் முன்கூட்டியே அடைவை மாற்றிவிட்டால் அந்தப் பெயர் வேறெங்கோ போய்விடும். ஆகவே நிரலோடு சேர்ந்தே வரும் கோப்புகளுக்கு __ஃபைல்__ நங்கூரம், பயனர் கொடுக்கும் கோப்புகளுக்கு நடப்பு அடைவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சார்புப் பாதையே கூடாது என்று சிலர் விதிப்பதை நான் ஏற்பதில்லை. பயனரின் கையிலிருந்து வரும்போது அதுவே சரியான வடிவம்.

பாதைகளை இணைக்கும்போது இன்னும் சில இடறல்கள் உண்டு. இணைக்கும் துண்டு சாய்கோட்டில் தொடங்கினால் அது முழுப் பாதையாகக் கருதப்பட்டு, அதற்கு முன் இருந்த பகுதி முழுவதும் எறியப்பட்டுவிடும், பாத்லிப்பும் ஓஎஸ்.பாத்.ஜாயினும் இதில் ஒன்றே. ஹோம் அடைவைக் குறிக்கும் அலைக்குறியை விரித்துத் தருவது டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் வேலை. பைத்தானில் எக்ஸ்பேண்ட்யூசர் அழைத்தால்தான் அது விரியும். விண்டோஸ் பாதைகளின் பின்சாய்கோடு, சாதாரணச் சரத்துக்குள் தப்பிப்புக் குறியாகப் பொருள் கொள்ளப்படும். பின்சாய்கோட்டை அடுத்து என் என்ற சிற்றெழுத்தில் தொடங்கும் கோப்புறைப் பெயர் வந்தால் பாதைக்கு நடுவே வரி உடையும். அங்கே ஆர் முன்னொட்டு இட்ட சரத்தையோ முன்சாய்கோட்டையோ எழுதுங்கள். முன்சாய்கோட்டை விண்டோஸும் ஏற்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். சொந்தக் கணினியில் ஓடியது சர்வரில் விழுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

இனி இம்போர்ட். இதுதான் ஆழமான பகுதி, இங்கேதான் கணிப்பில் எழுதிய வரிகள் அதிகம் புழங்குகின்றன. இம்போர்ட் வரியைக் கண்டதும் பைத்தான் முதலில் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற அகராதியைப் பார்க்கிறது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால், உள்ளமைந்த மாட்யூல்களைச் சரிபார்த்த பிறகு, சிஸ்.பாத் பட்டியலில் உள்ள இடங்களை வரிசையாகத் தேடுகிறது. பட்டியலின் அடுக்கு பொதுவாக இப்படி இருக்கும்: தலையில் தொடக்க இடம், அடுத்து பைத்தான்பாத் சூழல் மாறியில் கொடுத்தவை, அடுத்து செந்தர நூலகம், கடைசியில் பிப் என்னும் நிறுவல் கருவி மூலம் நிறுவியவை இருக்கும் சைட்-பேக்கேஜஸ். தலையில் இருக்கும் அந்தத் தொடக்க இடம் எது என்பதுதான் உங்கள் சிக்கலின் மையம். "பைத்தான் அறிக்கை/முதன்மை.பை" என்று கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால், நீங்கள் எங்கே நின்றாலும், அந்தக் கோப்பு இருக்கும் அறிக்கை கோப்புறையே தலையில் வரும். "பைத்தான் -எம் அறிக்கை.முதன்மை" என்று மாட்யூலின் பெயரைக் கொடுத்து ஓட்டினால், தொடங்கிய நேரத்து நடப்பு அடைவு தலையில் வரும். இன்டராக்டிவ் முறையில் வெற்றுச் சரம் வரும். அதன் பொருள், இம்போர்ட் செய்யும் அந்தந்த நேரத்து நடப்பு அடைவு.

இதை வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. ப்ராஜெக்ட் கோப்புறையில் நின்றுகொண்டு கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினாலும் பட்டியலின் தலையில் இருப்பது அறிக்கை கோப்புறைதான். பொது என்னும் கோப்புறை அதற்குள் இல்லை, ஆகவே மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர். கோப்புறையைப் பேக்கேஜாக (மாட்யூல்களின் தொகுப்பாக) அடையாளம் காட்டும் __இனிட்__.பை, பொது கோப்புறைக்குள் இல்லாததே காரணம் என்று பலர் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் அந்தக் கோப்பு இல்லாத கோப்புறையும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக இம்போர்ட் ஆகும். அந்தக் கோப்பை வைப்பது நல்ல பழக்கம்தான், வையுங்கள், ஆனால் தேடும் பட்டியலிலேயே இல்லாத இடத்தில் அதை வைத்து இந்தப் பிழை தீராது.

சிஸ்.பாத் பட்டியலில் ".." சேர்த்ததன் விளைவையும் இப்போது புரிந்துகொள்ளலாம். பட்டியலில் உள்ள சார்புப் பாதையும் நடப்பு அடைவை வைத்தே பொருள் கொள்ளப்படுகிறது. அறிக்கைக்குள் நின்றபோது அது தற்செயலாக வானிலையைக் குறித்தது, அவ்வளவுதான். சரி, __ஃபைல்__ கொண்டு முழுப் பாதையாகவே சேர்த்துவிட்டால்? கிரானில் ஓடும். ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏனெனில் இப்போது அறிக்கை கோப்புறையும் அதன் மேலிருக்கும் வானிலை கோப்புறையும் ஒருசேரப் பட்டியலில் இருக்கின்றன. அறிக்கைக்குள் வரைவு.பை என்று ஒரு கோப்பு இருந்தால், அதை ஓரிடத்தில் "வரைவு" என்றும் இன்னோரிடத்தில் "அறிக்கை.வரைவு" என்றும் இம்போர்ட் செய்ய முடியும். பைத்தானுக்கு மாட்யூலின் அடையாளம் அதன் பெயர். பெயர் இரண்டானால் மாட்யூலும் இரண்டு. ஒரே கோப்பு இரு முறை ஓடி, ஒரே வகுப்பு இரு வகுப்புகளாகி, ஒன்றிலிருந்து எறியப்பட்ட எக்செப்ஷனை மற்றொன்றின் பெயரால் பிடிக்க முடியாமல், இஸ்இன்ஸ்டன்ஸ் சோதனை பொய் என்று சொல்லும். இந்த வகைப் பிழை பிழைச் செய்தியே இல்லாமல் வருவதால், கண்டுபிடிக்க மிகவும் கடினம். நேரடியாக ஓட்டும் கோப்புக்கும் இதே நிலை உண்டு: அது __மெயின்__ என்ற பெயரில் பதிவாகிறது, வேறொரு மாட்யூல் அதை உண்மைப் பெயரால் இம்போர்ட் செய்தால் இரண்டாம் பிரதி ஒன்று உருவாகும். முதன்மைக் கோப்பில் வகுப்புகளை வரையறுக்காமல், தொடக்கச் செயற்கூற்றை மட்டும் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

புள்ளியில் தொடங்கும் சார்பு இம்போர்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் உள்ள புள்ளி கோப்புறையைக் குறிப்பதில்லை, பேக்கேஜைக் குறிக்கிறது. மாட்யூலின் __பேக்கேஜ்__ மாறியில் இருக்கும் பெயரை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டும்போது அந்தக் கோப்புக்குப் பேக்கேஜ் எதுவும் இல்லை. எனவே தாய்ப் பேக்கேஜ் தெரியவில்லை என்று இம்போர்ட்எரர் வருகிறது. -எம் கொண்டு ஓட்டினால் பேக்கேஜ் பெயர் சரியாக அமையும், அதே வரி எந்த மாற்றமும் இன்றி ஓடும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: அறிக்கையும் பொதுவும் தனித்தனி உயர்மட்டப் பேக்கேஜ்களாக இருக்கும்வரை, இரண்டு புள்ளியிட்டு அறிக்கையிலிருந்து பொதுவுக்குப் போக முடியாது. அவை ஒரு தாய்ப் பேக்கேஜுக்குள் வந்தால்தான் அது இயலும். புள்ளியில்லாத இம்போர்ட் அண்டைக் கோப்பைத் தானாக எடுத்துக்கொள்ளும் பைத்தான் 2 காலத்து வழக்கம், 2008இல் வந்த 3.0 பதிப்போடு நீங்கிவிட்டது; பழைய பாடங்களைப் பார்த்து எழுதுபவர்கள் இதில் சிக்குகிறார்கள்.

தொடக்க இடம் பட்டியலின் தலையில் இருப்பதால் வரும் மற்றொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோப்புக்கு ரேண்டம்.பை என்றோ ஈமெயில்.பை என்றோ பெயர் வைத்தால் அது செந்தர நூலகத்தின் மாட்யூலை மறைத்துவிடும். நீங்கள் தொடாத ஏதோ ஒரு நூலகத்தின் நடுவிலிருந்து பிழை வரும். பைத்தான் 3.13 இத்தகைய பல இடங்களில் "உங்கள் கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்" என்று பிழைச் செய்தியிலேயே குறிப்புத் தருகிறது. 3.11 முதல் உள்ள -பி தெரிவு (பெரிய எழுத்து P), தொடக்க இடத்தைப் பட்டியலில் சேர்க்காமலே ஓட்ட உதவுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் நான் சொல்லும் முறையான தீர்வு, உங்கள் நிரலை ஒரு பேக்கேஜாக்கி நிறுவிக்கொள்வது. வானிலை கோப்புறைக்குள் எஸ்ஆர்சி என்றொரு கோப்புறை, அதற்குள் வானிலை என்ற ஒரே பேக்கேஜ், அதற்குள் அறிக்கையும் பொதுவும். எல்லாவற்றுக்கும் மேலே, பேக்கேஜின் பெயரும் பதிப்பும் எழுதிய சிறு பைப்ராஜெக்ட்.டாம்ல் கோப்பு. பிறகு விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் (ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக அமைத்த பைத்தான் சூழல்) "பிப் இன்ஸ்டால் -இ ." என்று ஒரு முறை ஓட்டினால் போதும். -இ என்பது திருத்தத்தக்க நிறுவல்; நிரல் நகலெடுக்கப்படுவதில்லை, நீங்கள் எழுதும் கோப்பே நேரடியாக ஓடும். அதன்பின் "வானிலை.பொது.கருவிகள்" என்ற பெயர் எங்கிருந்து இம்போர்ட் செய்தாலும் ஒரே மாட்யூலைத் தரும், சிஸ்.பாத் பட்டியலைத் தொடும் வரிகளை எல்லாம் நீக்கிவிடலாம். கோப்புறைகளை இப்போதிருக்கும்படியே விட்டு நிறுவ முயன்றால், பேக்கேஜைக் கட்டித் தரும் செட்அப்டூல்ஸ், உயர்மட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் இருப்பதாகச் சொல்லித் தானியங்கிக் கண்டறிதலை நிறுத்திவிடும். அந்த மறுப்பு நியாயமானது. "பொது" என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் ஒரே கணினியில் இரண்டு ப்ராஜெக்ட்களிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிறுவியபின் தரவுக் கோப்புக்குச் சொன்ன நங்கூரத்தை மறுபடி பார்க்க வேண்டும். திருத்தத்தக்க நிறுவலில் __ஃபைல்__ உங்கள் மூலக் கோப்பையே காட்டும். கோப்பு இரண்டு படி கீழே போயிருப்பதால் பேரன்ட் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் போதும். ஆனால் சாதாரண நிறுவலில் கோப்புகள் சைட்-பேக்கேஜஸுக்குள் நகலாகின்றன; அங்கிருந்து மேலேறினால் தரவு கோப்புறை இருக்காது. ஆகவே இந்தக் கோப்பு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வார்ப்புருக்கள், மாறாத அட்டவணைகள் போன்று நிரலின் உறுப்பாக இருப்பவற்றைப் பேக்கேஜுக்குள்ளேயே வைத்து, 3.9 முதல் உள்ள இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் நூலகத்தின் ஃபைல்ஸ் செயற்கூற்றால் எடுங்கள். பேக்கேஜ் ஜிப் கோப்புக்குள் இருந்தாலும் அது வேலை செய்யும். உங்கள் அளவுகள்.சிஎஸ்வி அப்படிப்பட்டதல்ல, நாள்தோறும் மாறுவது. அதன் இருப்பிடத்தைக் கட்டளை வரியிலோ சூழல் மாறியிலோ முழுப் பாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கேஜ் கோப்புறைக்குள் எதையும் எழுதாதீர்கள். சர்வரில் அந்த இடத்தில் எழுத அனுமதி இருக்காது, அனுமதி இருந்தாலும் அடுத்த நிறுவலின்போது எழுதியது அழியக்கூடும்.

இங்கே காட்டியதைப் போல மாட்யூல்களுக்கும் கோப்புகளுக்கும் உண்மையிலேயே தமிழ்ப் பெயர் வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பைத்தான் 3 அதை அனுமதிக்கிறது. ஆனால் "பொது" என்பதில் உள்ள ஒகர உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, லினக்ஸுக்கு அவை வேறு வேறு கோப்புப் பெயர்கள். நிரலுக்குள் எழுதும் பெயர்களை மட்டும் பைத்தான் ஒருங்கிணைந்த வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. வட்டில் உள்ள பெயர் பிரிந்த வடிவில் இருந்தால் கண்முன் இருக்கும் மாட்யூலைக் காணவில்லை என்று பிழை வரும். யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூற்றால் கோப்புப் பெயர்களைச் சீராக்கி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கிரான் வரி. விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதை, அடுத்து "-எம் வானிலை.அறிக்கை.முதன்மை", அடுத்து தரவுக் கோப்பின் முழுப் பாதை, இவ்வளவுதான் வேண்டும். அந்தப் பைத்தானை நேரடியாக அழைத்தாலே அதன் சைட்-பேக்கேஜஸ் பட்டியலில் வந்துவிடும். ஆக்டிவேட் செய்ய வேண்டிய தேவை இல்லை. அதன்பிறகும் விழுந்தால், முதன்மைக் கோப்பின் தலையில் ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி, சிஸ்.எக்ஸிகியூட்டபிள், சிஸ்.பாத், __ஃபைல்__ ஆகிய நான்கையும் அச்சிட்டு, கிரானில் வரும் வெளியீட்டையும் டெர்மினலில் வரும் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபடும் வரியைக் கேள்வியோடு சேர்த்து எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.